கூரை வெட்டிய கார்

சுயம்புலிங்கம் வலது சுண்டுவிரல் நகத்தை மட்டும் வெட்டுவதில்லை. எந்தக் கார் பக்கத்தில் போய் நின்றாலும், அது யாருடையதாக இருந்தாலும், கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் அந்த நகத்தை மேலே நுழைத்து மெதுவாகக் கீழே இறக்குவார். பாதியில் நகம் இறுகினால் உதட்டைப் பிதுக்குவார். தங்குதடையில்லாமல் அடிவரை இறங்கிவிட்டால் நகத்தை வேட்டியில் துடைத்துக்கொள்வார். அந்த வண்டியைச் செய்தவனுக்கு அவர் தருகிற மரியாதை அது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்களின் காரிலும் இந்த வேலையைப் பார்த்தவர். "மாப்பிள்ளையப் பாருங்கன்னா கதவைத் தடவிக்கிட்டு நிக்காவ" என்று மனைவி ஆவுடையம்மாள் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

ராஜபாளையத்தில், தென்காசி சாலையில் அவருடைய டிங்கரிங் பட்டறை. நசுங்கிய வண்டிகளை நிமிர்த்துவதுதான் தொழில். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண ஊர்வலங்களுக்கு அலங்கார வண்டி வாடகைக்கு விடும் சூர்யபிரகாஷ், ஒரு பழைய அம்பாசடரோடு அவரிடம் வந்தான். "கூரையை எடுத்துருங்க அண்ணாச்சி. பொண்ணும் மாப்பிள்ளையும் ஊருக்கே தெரியணும்" என்றான்.

கூரையை வெட்டுவது லேசு. வெட்டிய பின் வண்டியை விறைப்பாக நிற்கவைப்பதுதான் பாடு. மேலுறையிலிருந்து உருவிய தீப்பெட்டியின் உள்தட்டை விரலால் முறுக்கிப் பார்த்தால் தெரியும், எப்படித் துவண்டுபோகிறதென்று. சுயம்புலிங்கம் இரண்டு பக்கமும் கதவுகளுக்கு அடியில் கனமான இரும்புக் குழாய்களை வைத்து வெல்டு அடித்தார். நான்கு கதவிலும் நகம் சீராக இறங்கியது. சோழபுரம் சாலையில் பள்ளம் மேடு பார்க்காமல் விரட்டினார். ஸ்டியரிங் அதிரவில்லை. வேட்டியில் நகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வண்டியை ஓட்டியவன் முத்துப்பாண்டி. ஒரு காலத்தில் குடித்தவன். குடி தாங்காமல் அவன் மனைவி பாண்டீஸ்வரி சோழபுரத்துத் தாய்வீட்டுக்குப் போய்விட, ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றின் படியேறி, இனித் தொடுவதில்லை என்று பெருமாள் முன்னால் சத்தியம் செய்தான். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் அவள் திரும்பி வந்தாள். அதிலிருந்து அவன் தொடவில்லை.

முகூர்த்த மாதம் தொடங்கியதும் முத்துப்பாண்டி பட்டறைக்கு வந்தான். "அண்ணே, ஊர்வலத்துல ஸ்டியரிங் நடுங்குது. கையில பிடிக்க முடியல."

"வேகமா போனா நடுங்குதா?"

"இல்லண்ணே, ஊர்ந்து போகையிலதான். ஒரு நா சாயங்காலம் வந்து பாருங்க."

"வேகத்துல நடுங்காத வண்டி நடக்கையில நடுங்குமாக்கும்? போலே, போயி வேலையப் பாரு" என்று அனுப்பிவிட்டார். ஊர்வலத்துக்கு அவர் போகவில்லை.

அடுத்த வாரம் ரத வீதியில், பெண்ணின் தாய்மாமன் ஓட்டுநரின் கைகளைப் பார்த்துவிட்டார். பூமாலையும் சீரியல் பல்புமாக வண்டி மினுங்க, ஸ்டியரிங்மேல் இரண்டு கைகளும் வெடவெடவென்று ஆடின. "குடிச்சவன் கையிலயா எங்க பிள்ளைய ஏத்திவிட்டீய?" என்று அவர் போட்ட சத்தத்தில் மேளம் நின்றது.

மறுநாள் காலையில் சூர்யபிரகாஷ், முத்துப்பாண்டியையும் வண்டியையும் பட்டறைக்குக் கூட்டிவந்தான். பழுது பார்க்க வந்தவர்களும் டீ குடிக்க வந்தவர்களும் சுற்றி நின்றார்கள். சுயம்புலிங்கம் வண்டியைக் கிளப்பி, ஊர்ந்து போய்த் திரும்பினார். ஒரு நடுக்கமும் இல்லை. இறங்கி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"வண்டி கல்லு மாதிரி இருக்கு. கைக்கு வெல்டு வைக்க எங்கிட்ட ராடு இல்லப்பா."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முத்துப்பாண்டி சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு நடந்து போனான்.

அந்தப் பேச்சு அன்றைக்கே பஸ் ஏறிச் சோழபுரம் வரைக்கும் போய்விட்டது. பாண்டீஸ்வரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள். முத்துப்பாண்டி வடக்கே போகிற லாரி ஒன்றில் ஏறிக்கொண்டான்.

அவன் இடத்துக்கு வந்தவர் ஜெபக்குமார். தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவர், டீகூடத் தொடமாட்டார். சில ஊர்வலங்கள் போனதும் பட்டறை வாசலில் வந்து நின்றார். "அண்ணாச்சி, எனக்கும் கை நடுங்குது. நானும் குடிச்சிருக்கேன்னு சொல்லிருவீயளோ?"

சுயம்புலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலமே ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ஊர்வலம் கிளம்புமுன் ஓட்டுநர் இருக்கையில் தானே உட்கார்ந்தார். விளக்குகளுக்காக டிக்கியில் ஏற்றியிருந்த ஜெனரேட்டரை ஒருவன் இழுத்துக் கிளப்பினான். பல்புகள் எரிந்தன. முன் கண்ணாடி காய்ச்சல்காரன்போல் உதறியது. ஸ்டியரிங்கில் வைத்திருந்த தன் கைகளைப் பார்த்தார். அவை ஆடிக்கொண்டிருந்தன.

"அதை நிப்பாட்டு." நின்றது. கையும் நின்றது. "போடு." மறுபடி ஆடியது.

ஒவ்வொரு ஊர்வலம் முடிந்ததும் ஜெனரேட்டரைக் கடையில் இறக்கி வைத்துவிடுவார்கள். பட்டறைக்கு வந்தபோதெல்லாம் வண்டி வெறும் வண்டியாகத்தான் வந்தது. கூரையில்லாத நீள உடம்பில், வாலில் கிளம்பிய அதிர்வு தடுக்க ஆளில்லாமல் தலைவரை ஓடி வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் குழாய் வைத்தவர், அவற்றைத் தரைக்கடியில் குறுக்கே பின்னிக் கட்டாமல் விட்டிருந்தார்.

இப்போது கட்டினார். தரைக்கடியில் பெருக்கல் குறிபோல இரும்புச் சட்டம். முன் இருக்கைக்குப் பின்னால் குறுக்கே இன்னொன்று. ஜெனரேட்டர் தனியாக ஒரு லோடு ஆட்டோவுக்குப் போனது. வண்டி அடங்கிவிட்டது. செய்து முடித்தபோதுதான், எவ்வளவு சின்ன வேலை அது என்று அவருக்கு உறைத்தது.

முத்துப்பாண்டி போனை எடுக்கவே இல்லை. சுயம்புலிங்கம் சோழபுரம் போனார். பாண்டீஸ்வரி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"முத்து குடிக்கல தாயி. வண்டிதான் நடுங்கியிருக்கு. எம் வேலையிலதான் தப்பு."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "அவியளும் அதத்தான் சொன்னாவ. மலையில சத்தியம் பண்ணுன மனுசன் சொன்னத நம்பாம, உங்க பேச்ச நம்பிட்டேன். நீங்க சிரிச்சுக்கிட்டே சொன்னீயளாம். தெரியாமலா ஒரு ஆளு அம்புட்டுத் தைரியமாச் சிரிப்பாருன்னு நெனச்சேன்."

அவர் போனை எடுத்து மறுபடியும் முத்துப்பாண்டியை அழைத்துப் பார்த்தார்.

"எனக்கும் போன் எடுக்கல. எங்கிட்ட ரகசியமா வந்து சொல்லி என்ன செய்ய? அம்புட்டுப் பேரு கேக்கச் சொன்னத, அம்புட்டுப் பேரு கேக்கத் திரும்பச் சொல்லுங்க."

அங்கிருந்து நேரே சூர்யபிரகாஷின் கடைக்குப் போனார். ஊர்வலத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஓட்டுநர்களும் மேளக்காரர்களும் முன்னால் நின்றார்கள். "முத்துப்பாண்டி குடிக்கல. குத்தம் எம் பட்டறையிலதான்" என்றார். ஒருவர் தலையாட்டினார். இன்னொருவர் தவிலின் வாரை இழுத்துக் கட்டப் போய்விட்டார். சிரிப்பு போன ஊருக்கெல்லாம் இந்தப் பேச்சு போய்ச் சேராது என்று அவருக்குத் தெரிந்தது. மறுநாள் தன் பட்டறை வாசலிலும் சொன்னார். அங்கே கேட்க அன்றைய கூட்டம் இல்லை.

அதற்குப் பிறகு ஒருநாள், பூமாலை மாட்டக் கொக்கி வைக்க வண்டியைக் கொண்டுவந்த சூர்யபிரகாஷ், பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: "தாய்மாமன் சத்தம் போட்ட மறுநா வண்டிய மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டத்தான் அண்ணாச்சி நான் இருந்தேன். முத்துப்பாண்டிதான் விடல. 'வேற ஆளு கைவச்சா சுயம்பு அண்ணனுக்குக் கொறச்சல், அவியகிட்டயே போவோம், பாத்தாவன்னா கண்டுபிடிச்சிருவாவ'ன்னு அவன்தான் வண்டியத் திருப்பினான்."