குறிப்பேட்டோடு வந்த எம்.பி.

ஒஸ்லோ, 2006 பெப்ரவரி

அம்மருட் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இருக்கும் இறுதிச்சடங்கு மண்டபத்தில் நிற்கிறேன். இறந்தவரை எனக்குத் தெரியாது. நான் தங்கியிருப்பது சிவநேசன் வீட்டில். இறந்தவர் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர். தேவாரம் முடிந்ததும் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றியபடி உள்ளே வருகிறார். வரிசையாக எல்லோரிடமும் கைகுலுக்கி ஆங்கிலத்தில் துக்கம் சொல்கிறார். பிறகு திறந்திருக்கும் பெட்டியின்மேல் குனிந்து ஏதோ கேட்கிறார். காதைக் கொடுத்துக் காத்திருக்கிறார். கோட்டுப் பையிலிருந்து சின்னக் குறிப்பேடு ஒன்றை எடுத்து எழுதிக்கொள்கிறார்.

"யார் இவர்?" என்று சிவநேசனிடம் கேட்கிறேன்.

"அயர்லாந்துக்காரர் அண்ணை. அங்கை ஒரு நாட்டுப்புறத் தொகுதியில கனகாலம் எம்.பி.யா இருந்தவர். ஒரு செத்தவீடும் தவறவிடமாட்டாராம். தோத்தாப் பிறகு மகளோட இஞ்சை வந்திட்டார். பழக்கம் மட்டும் போகேல்லை."

"பெட்டிக்குள்ளே என்ன கேட்கிறார்?"

"உங்களுக்கு நான் என்ன செய்து தரவேணும் எண்டு. உயிரோட இருக்கிற ஆக்களிட்டை அதைக் கேக்கமாட்டார். செத்த ஆக்களிட்டை மட்டும்தான்."

சொல்லிவிட்டு சிவநேசன் சிரிப்பார் என்று பார்க்கிறேன். அவர் சிரிக்கவில்லை.

கிழவர் எங்களிடம் வருகிறார். சிவநேசனின் கையைக் குலுக்கித் துக்கம் சொல்கிறார். அடுத்து என் கையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடிக்கிறார். துக்கம் எதுவும் சொல்லவில்லை. கையை விட்டு, குறிப்பேட்டில் புதிய பக்கம் ஒன்றைப் புரட்டுகிறார். பிறகு என் பக்கம் குனிந்து, மெதுவாக, மரியாதையாகக் கேட்கிறார்:

"உங்களுக்கு நான் என்ன செய்து தர வேண்டும்?"