கல்யாண கேசட்டில் வேற்றுக்கிரக ரத்தக்காட்டேரி

இந்தியாவில் எடுத்த வீடியோ கேசட் அமெரிக்க டிவியில் ஓடாது. ஓட வைத்துக் கொடுப்பது என் வேலை. அந்த ஊர் டெக்கில் போட்டு இந்த ஊர் டெக்கில் பதிய வேண்டும். ஒரு மணி நேரக் கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும், வேகமாக ஓட்ட முடியாது. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்குப் புரியும்: அடுத்தவர் வீட்டுச் சந்தோஷத்தை முழு நீளத்துக்கு உட்கார்ந்து பார்ப்பதைப் போல அலுப்பு உலகத்தில் கிடையாது.

இடம் அமெரிக்காவில் ஃப்ரீமான்ட், மௌரி அவென்யூ. மளிகைக் கடையின் பின்பக்கம், அரிசி மூட்டைக்கும் ஃப்ரீசருக்கும் நடுவில் என் மேஜை. பதினொன்றாவதோடு ஸ்கூலை விட்டுவிட்டேன். ஏன் என்று நீங்களும் கேட்காதீர்கள். பருப்பு வாங்க வருகிற எல்லோரும் கேட்டாயிற்று.

ஒரு பெட்டி நிறைய ஒரே படம்

கடை முதலாளி செல்வம் அங்கிளுக்குத் தூத்துக்குடிப் பக்கம். புதுக் கேசட் வாங்குவது என்றால் அவருக்கு உயிர் போகும். பக்கத்து ஊரில் ஒரு வீடியோ கடை மூடியபோது போய் ஒரு பெட்டி பழைய கேசட்டைத் தூக்கி வந்தார். திறந்தால் அத்தனையும் ஒரே படம். ரொம்பப் பழைய ஜப்பான் கலர் படம், கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும். அட்டையில் ஒரு பெண் வாயைத் திறந்து அலறுகிறாள், அவள் தலைக்கு மேல் வெள்ளித் தாம்பாளம் மாதிரி ஒன்று பறக்கிறது. வேற்றுக்கிரகத்திலிருந்து ரத்தக்காட்டேரிகள் வந்து இறங்குகிற கதை. ஒரே படத்தை எதற்கு இத்தனை வாங்கினார்கள் என்று முதலில் யோசித்தேன். பிறகு, கடை ஏன் மூடியது என்று புரிந்தது.

கேசட் ஓரத்தில் இருக்கிற ஓட்டையின் மேல் செலோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம். ஒட்டினேன். விசேஷம் முடிந்த இடத்தில் டெக்கை நிறுத்திவிட்டு அடுத்த ஆளுடையதைப் போட வேண்டும், ஏனென்றால் எப்போதும் வரிசை இருக்கும். அப்படியானால் மிச்ச டேப்பில் பழைய படம் அப்படியே இருக்குமே என்று அங்கிளைக் கேட்டேன். அவர் கொத்தமல்லிக் கட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னார்: “ஏட்டி, கல்யாண கேசட்டை எவன் கடைசி வரைக்கும் பாக்கான்?”

வசந்தி அக்காவின் கல்யாணம்

வசந்தி அக்காவுக்குப் பொள்ளாச்சி. ரெண்டு காப்பி கேட்டார், ஒன்று வீட்டுக்கு, ஒன்று லாயருக்கு. லாயருக்கு எதற்கு என்றேன். சொன்னார். அவர் வீட்டுக்காரர் பிரபு இந்த நாட்டு சிட்டிசன். கட்டிக்கொண்டு வந்த பெண்டாட்டிக்கு முதலில் ரெண்டு வருஷத்துக்குத்தான் கிரீன் கார்டு தருவார்கள். அது முடியும்போது இமிக்ரேஷன் ஆபீசில் கூப்பிட்டு, இந்தக் கல்யாணம் நிஜம்தானா என்று விசாரிப்பார்கள். நம்பவில்லை என்றால் ஊருக்குப் போக வேண்டியதுதான். மற்ற ஜோடிகள் சேர்ந்து எடுத்த போட்டோக்களைக் கட்டுக் கட்டாகக் காட்டுவார்கள். பிரபுவுக்கு வேலை டெக்சாஸில், கேட்டி என்கிற ஊர்ப் பக்கம் ஒரு ப்ராஜெக்ட். திங்கட்கிழமை பிளேன் ஏறினால் வெள்ளி ராத்திரி வருவார், சில வாரம் அதுவும் இல்லை. இவர்கள் ரெண்டு பேரும் ஒரே படத்தில் இருக்கிற போட்டோ அதிகம் இல்லை. அதனால் லாயர் கல்யாண வீடியோவைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

பதியும்போது முழுசாகப் பார்த்தேன். ஒன்றே கால் மணி நேரம். மாப்பிள்ளை ஹோமப் புகையில் கண்ணைத் தேய்க்கிறார், பெண் தரையைப் பார்க்கிறாள். கடைசியில் ஐயர் அருந்ததி பார்க்கச் சொல்லி மேலே கையைக் காட்டுகிறார், கேமராவும் மேலே போகிறது, பட்டப்பகல் வெள்ளை வானம். அங்கே நிறுத்தினேன். கேசட்டை வாங்க வந்தபோது, எனக்கு வாய் சும்மா இருக்காதே, “நிஜக் கல்யாணம்தானேக்கா?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கேசட்டைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: “ரெண்டு வருசத்துல அவரு ஊட்டுல இருந்த நாளை நெனச்சா எனக்கே சந்தேகம் வருது கண்ணு.”

காது குத்தினால் இவ்வளவா

சில வாரம் கழித்து முருகேசன் அங்கிள் வந்து நின்றார். சின்ன மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் காது குத்திய கேசட்டை நான்தான் பதிந்து கொடுத்திருந்தேன். அதைப் பார்க்க நண்பர்களைக் குடும்பத்தோடு கூப்பிட்டிருக்கிறார். காது குத்தும் மொட்டையும் இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பெரியவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்கள், டிவியை யாரும் அணைக்கவில்லை. சோபாவில் இருந்த பிள்ளைகள் மிச்சம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ரத்தக்காட்டேரிப் படம் பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் படத்தில் கடிபட்டவர்கள் சாக மாட்டார்கள். எழுந்து வழக்கம்போல வேலைக்குப் போவார்கள், மரியாதையாகப் பேசுவார்கள், கண்ணை மட்டும் இமைக்க மாட்டார்கள். உப்பு பட்டால் வெந்து போவார்கள். அன்றிலிருந்து அங்கிளின் ஆறு வயசுப் பையன் வீட்டுக்கு வருகிற எல்லோரையும் வாசலில் நிறுத்தி, “பிளிங்க் பண்ணுங்க” என்கிறானாம். ஜன்னல் ஜன்னலாகக் கல் உப்பு, கார்ப்பெட்டெல்லாம் கல் உப்பு, வேக்யூம் கிளீனர் போய்விட்டது. திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: “சரி விடும்மா, இப்ப கல் உப்பு ரெண்டு பாக்கெட் குடு, அவன் தூங்க மாட்டேங்கறான்.”

அருந்ததிக்கு அப்புறம்

அவர் போனதும்தான் எனக்கு உறைத்தது. வசந்தி அக்காவின் ரெண்டு கேசட்டும் அதே பெட்டிதான். உடனே போன் போட்டேன். இன்டர்வியூ முந்தின நாளே முடிந்திருந்தது. ஆபீசர் அம்மா கேசட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பார்த்துவிட்டு மறுபடி கூப்பிடுகிறேன் என்று அனுப்பிவிட்டாராம்.

சனிக்கிழமை ரெண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். வீட்டுக் காப்பியைக் கடைசி வரை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஐயர் கையைக் காட்டுகிறார், கேமரா வானத்துக்குப் போகிறது, ஒரு நொடி புள்ளி புள்ளியாக வருகிறது, அடுத்து இன்னொரு வானம், அதிலிருந்து வெள்ளித் தாம்பாளங்கள் வரிசையாக இறங்குகின்றன. தெரியாத ஆள் பார்த்தால் எங்கள் ஊர்க் கல்யாணத்தில் இப்படித்தான் ஏதோ சடங்கு என்று நினைப்பார். பிரபு அண்ணனுக்கு முகம் சிவந்திருந்தது. “கவர்ன்மென்ட் ஆபீஸ்ல காமெடி பண்ண வந்தோம்னு நினைக்க மாட்டாங்களா? இவளை அனுப்பிட்டா நீங்களா கூட்டிட்டு வருவீங்க?” என்றார். தப்பு எங்கள் பேரில்தான், லாயரிடம் நானே பேசுகிறேன் என்றேன். பேசினேன். வேறு கேசட் கொடுத்தால் வெட்டி ஒட்டினதாகச் சந்தேகம் வரும், பேசாமல் இருங்கள் என்றார் லாயர்.

போனை வைத்தேன். செல்வம் அங்கிள் அப்பளக் கட்டுகளை அடுக்குகிற மாதிரி நின்றுகொண்டார். அப்போது வசந்தி அக்கா, “அந்தப் பொண்ணு கதவைத் தொறந்தது சரியா தப்பா?” என்று கேட்டார். படத்தின் முடிவு அதுதான். ஊரில் பாதிப் பேர் கடிபட்டாயிற்று. ஒரு நர்ஸ் உப்புக் குடோனுக்குள் பூட்டிக்கொண்டு இருக்கிறாள். வெளியே அவள் புருஷன், நான்தான், திற என்கிறான். மனுஷனா மற்றதா என்று தெரியாது. அவள் திறக்கிறாள். படம் முடிந்துவிடுகிறது. முட்டாள்தனம் என்றார் பிரபு அண்ணன். கட்டினவன் வந்து நின்றால் திறக்காமல் என்ன செய்வாள் என்றார் அக்கா. உப்பை எறிந்து பார்த்துவிட்டுத் திறந்திருக்க வேண்டும் என்றார் இவர். ஃப்ரீசர் முன்னாலேயே சண்டை. ஜனங்கள் அவர்களைச் சுற்றிப் போய்ப் பச்சைப் பட்டாணி எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் பிரபு அண்ணன், “நானே வந்து வெளிய நின்னாலும் தொறக்காத, அவ்வளவுதான்” என்றார். அக்கா அவரை நேராகப் பார்த்துச் சொன்னார்: “வெளிய வந்து நிக்கறதுக்கு மொதல்ல நீங்க ஊருல இருக்கோணுமுங்க.”

பல் டாக்டர் சொன்ன முன்பாதி

ஆபீசர் கேட்டால் இது என்ன படம் என்றாவது சொல்லத் தெரிய வேண்டும் என்று வசந்தி அக்காவுக்குக் கவலை. அவரிடம் இருப்பது கடைசிப் பத்து நிமிஷம்தான். நானும் முன்பாதியைப் பார்த்ததில்லை, பெட்டியிலிருந்து எடுத்து நேராகப் பதிந்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. யார் வீட்டு விசேஷம் சின்னதோ அவர்களிடம்தான் கதை அதிகம் இருக்கும். சஷ்டியப்தபூர்த்திக்காரர்களிடம் ஒன்றுமே இல்லை.

எங்களிடம் பதிந்ததிலேயே ரொம்பச் சின்னது ஒரு பல் டாக்டருடையது. யாழ்ப்பாணத்துக்காரர். அவர் தங்கை மகள் கொழும்பில் பள்ளிக்கூட மேடையில் பேசியது, நாலு நிமிஷம். அது போகப் படம் முழுக்க அவரிடம் இருந்தது, பார்த்தும் இருந்தார். மரவள்ளிக் கிழங்கு வாங்க வந்தவரை நிறுத்தி வைத்து அக்கா கேட்க, அவர் பொறுமையாகச் சொன்னார். கடலோர உப்பள ஊர். முதலில் ஒரு தாம்பாளம் கடலில் விழுகிறது. பார்த்துவிட்டு வருகிறேன் என்று படகில் போகிறவன் அந்த நர்ஸின் புருஷன்தான். பல நாள் வரவே இல்லை. அவள் தினமும் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். கரைக்குப் போகிற இடத்தை மட்டும் அக்கா மறுபடி சொல்லச் சொன்னார். பயமாக இருந்ததா டாக்டர் என்றேன் நான். அவர் கிழங்கை முறித்துப் பார்த்தபடி சொன்னார்: “பயமோ? அவையின்ர பல்லைப் பாத்தனீரோ பிள்ளை, அந்தப் பல்லால ஒரு வாழைப்பழமும் கடிக்கேலாது.”

தனித்தனி அறை

இமிக்ரேஷன் ஆபீசில் மறுபடி கூப்பிட்டுவிட்டார்கள். என்ன நடந்தது என்று வசந்தி அக்காவே வந்து சொன்னார். இந்த முறை ரெண்டு பேரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஆபீசர் அம்மா இங்கே கொஞ்சம் கேட்பாராம், அங்கே கொஞ்சம் கேட்பாராம். பெண்டாட்டி டூத் பிரஷ் என்ன கலர் என்று கேட்டதற்கு பிரபு அண்ணன் தப்பாகச் சொல்லியிருக்கிறார். வீட்டில் காபிப் பொடி எந்த அலமாரியில் என்றதற்கும் தெரியவில்லை. அக்காவுக்கு அந்தக் கேட்டி வீட்டு விலாசமே சரியாகச் சொல்ல வரவில்லை. அதோடு முடிந்தது என்றே நினைத்தாராம்.

பிறகு அந்த அம்மா கேசட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார். பிரபு அண்ணன், கடையில் செய்த தப்பு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு, சும்மா இருக்காமல், “என் ஒய்ஃப் அந்தப் பொண்ணு கதவைத் தொறந்தது சரின்னு சொல்லுவா, அதை மட்டும் நம்பாதீங்க” என்றிருக்கிறார். அந்தப் பக்கம் அக்கா உப்பளத்திலிருந்து தொடங்கி முழுக் கதையும் சொல்லிவிட்டு, தன் வீட்டுக்காரர் திறக்கக் கூடாது என்பார், அவர் அப்படித்தான், எதையும் சோதித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார், அத்தனை நாள் கரையில் போய் நின்றவளின் கஷ்டம் அவருக்கு எங்கே தெரியும் என்றிருக்கிறார். சொல்லும்போது அழுகை வந்துவிட்டதாம். ஆபீசர் அம்மா ரெண்டு பேரையும் ஒரே அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். உட்கார்ந்ததும் பிரபு அண்ணன், “ஏன் அழற, என்ன கேட்டாங்க?” என்றார். நீங்க என்ன சொன்னீங்க என்றார் அக்கா. மறுபடி அதே கதவு, அதே சண்டை, அந்த மேஜை முன்னாலேயே, பாதி தமிழில்.  ஆபீசர் அம்மா அக்காவின் பாஸ்போர்ட்டை இழுத்து, இங்கேயே இருக்கலாம் என்கிற ஸ்டாம்பைக் குத்தி நீட்டியபடி சொன்னதை அக்கா எனக்கு அதே குரலில் செய்து காட்டினார்: “மிச்சத்தை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கோங்க, எனக்கு லஞ்ச் டைம்.”

பிரபு அண்ணன் அடுத்த திங்கட்கிழமையே மறுபடி டெக்சாஸுக்குப் பிளேன் ஏறிவிட்டார், அதில் மாற்றம் ஒன்றும் இல்லை.

இதுவரை எத்தனையோ கல்யாணங்களை நிமிஷத்துக்கு நிமிஷம் உட்கார்ந்து பதிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு கேசட்டில்கூட மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை, அந்தச் சண்டையை விட்டால் பிறகு எதை வைத்து அந்த ஆபீசர் நம்புவார்.