ஏட்டு வீடு எது என்று கேட்டவர்

எங்கள் அப்பா யாரையும் எளிதில் நம்பியவரில்லை. அவரைப் புகழ்ந்து எழுத உட்கார்ந்தால் இதைத்தான் முதலில் எழுதத் தோன்றுகிறது. படிக்கும் உறவினர்கள் கோபிக்க வேண்டாம். உங்களையும் அவர் முழுதாக நம்பியதில்லை.

தேங்காய்த்திட்டில் மீனவக் குடும்பத்தில் பிறந்த அப்பா, பிரெஞ்சுக்காரர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் போலீசில் சேர்ந்து, இந்திய ஆட்சியில் ஏட்டாக ஓய்வு பெற்றார். எல்லைச் சாவடியில் சாராயம் கடத்தியவர்களைப் பிடித்ததால் வீடுவரை மிரட்டல் வந்தது. அதனால் முதலியார்பேட்டையில் எங்கள் தெரு முழுவதற்கும் ஒரு பாடம் நடத்தி வைத்திருந்தார்: "யார் வந்து கேட்டாலும் அப்படி ஓர் ஆளே இல்லைன்னுடுங்க."

ஓய்வு பெற்றவர்கள் ஆண்டுதோறும் பென்ஷன் அலுவலகம் போய், உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். ஓர் ஆண்டு அப்பாவுக்குக் கால் முறிந்திருந்தது. போக முடியவில்லை. அலுவலகத்தார் நேரில் பார்த்துவர ஆள் அனுப்பினார்கள். வந்தவர் எதிர்வீட்டு பாக்கியம் அத்தையிடம் கேட்டார்.

"ஏம்மா, இங்க ஏட்டு வூடு எது?"

"ஏட்டா? எந்த ஏட்டு? இந்தத் தெருவுல போலீசே கெடையாதே!"

டீக்கடைக்காரர் ஒருபடி மேலே போய், "தெரு மாறி வந்துட்டீங்க சார், டீ சாப்ட்டுப் போங்க" என்றார். கட்டிலில் கிடந்த அப்பாவுக்கு எல்லாம் கேட்டது. "பாக்கியம் அசையலை பாத்தியா?" என்று பெருமையாகச் சிரித்தார்.

அடுத்த மாதம் பென்ஷன் நின்றது. வீட்டில் வேறு வருமானம் கிடையாது. அக்காவின் பள்ளிப் படிப்பை நிறுத்திவிடலாம் என்று சித்தப்பா சொன்னார். அப்பா ஊன்றுகோலோடு அலுவலகத்துக்குக் கிளம்பினார். கூடவே அத்தையும் நானும்.

அதிகாரி அத்தையைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"அன்னைக்கு இல்லைன்னீங்க, இன்னைக்கு இருக்காருன்றீங்க. எதும்மா பொய்?"

"அன்னைக்குச் சொன்னதுதான் சார். இந்த அண்ணன் சொல்லிக்குடுத்த பொய்."

"போலீஸ்காரரே பொய் சொல்லச் சொன்னீங்களா?"

"வந்தவரு யாருன்னே சொல்லலை சார்," என்றார் அப்பா. "நான் டூட்டில இருந்திருந்தா அவரைத்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

அதிகாரி சிரிக்கவில்லை. செத்துப்போனவர் பெயரில் வேறு யாரையோ கூட்டி வந்திருக்கிறோம் என்றே நினைத்தார். மறுபடியும் ஆள் அனுப்புவதாகச் சொன்னார். அதே ஆள் வந்தபோது அத்தை அவரைக் கையோடு எங்கள் வீட்டுக்கு இழுத்து வந்தார். பென்ஷன் திரும்பி வந்தது. அக்கா படிப்பை முடித்தாள்.

அப்பா மட்டும் மாறவில்லை. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் பெயரைக் கேட்டதற்கு, கண்ணைத் திறக்காமலே, "கேக்கறது யாரு?" என்றார்.

இறுதிச் சடங்கில் தோள் கொடுத்தவர்கள், லாஸ்பேட்டையிலிருந்து வந்து இரவெல்லாம் இருந்த என் கல்லூரி நண்பர்கள், வீட்டில் அடுப்பெரியாத அந்த நாட்களில் எங்களைப் பட்டினி போடாத பாக்கியம் அத்தை, எல்லோருக்கும் எங்கள் நன்றி.

அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் கொடுப்பதற்கு முன் விசாரிக்க ஒருவர் வருவாராம். எனக்கும் அவர்மேல் நம்பிக்கையில்லை. ஆனாலும் தெரு மக்களே, ஏட்டு வீடு இதுதான் என்று சொல்லிவிடுங்கள். இந்த ஒரு தடவை மட்டும்.