‘போயிட்டு வரேன்’ என்பதற்கு அரபியில் என்ன?

சண்டை போடுகிற இரண்டு நாடுகள் ஒன்றோடொன்று பேசாது. பட்டியல் மட்டும் அனுப்பிக்கொள்ளும். அந்தப் பட்டியல்களை மொழிபெயர்ப்பதுதான் என் பிழைப்பு. அல் குசைஸில் ஒரு டைப்பிங் சென்டரில் பதினோரு வருடம் விசா விண்ணப்பங்களை அரபியில் தட்டிக்கொண்டிருந்தவள், போர் வந்ததும் மஸ்கட்டில் இரண்டு பக்கத்துக்கும் நடுவே தூது போகிற ஒரு நடுவர் அலுவலகத்தில் சேர்ந்தேன். கணவர் சொன்னதை மாமியாருக்கும், மாமியார் சொன்னதைக் கணவருக்கும் பக்குவமாக எடுத்துச் சொல்லிப் பழகியவர்களே, என் கஷ்டத்தை உங்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எனக்குக் கிடைத்த முதல் ஃபைலில் ஆறு குமரி மாவட்ட மீனவர்கள். வளைகுடாவில் அவர்கள் படகின் என்ஜின் நின்று, காற்று தள்ளி, அக்கரையில் ஒதுங்கியிருக்கிறது. படகின் பதிவு அவர்களுடைய எதிரி நாட்டில் என்பதால் அப்படியே பிடித்து வைத்துவிட்டார்கள். (‘அக்கரை’ என்றே சொல்கிறேன். பெயர் சொன்னால் ஏதாவது ஒரு பக்கம் கோபித்துக்கொள்ளும்.) ஆறு பேரில் ஒருவர் மிக்கேல் அடிமை. அவர் மனைவி செலின், சோஹாரில் நர்ஸ். டூட்டி இல்லாத நாளெல்லாம் பஸ் பிடித்து வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எப்போ விடுவாங்க?

அடிமை யார்?

செலின் தமிழில் எழுதிய மனுவை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன், பெயரையும் சேர்த்து. ‘மிக்கேல், அடிமை, மீன்பிடித் தொழிலாளி’ என்று அரபியில் போனது. அக்கரையிலிருந்து பத்தே நாளில் பதில்: ‘உங்கள் பக்கத்தில் இன்னும் அடிமைகளை வைத்திருக்கிறீர்களா? விசாரணை தேவை.’ விசாரணை என்றால் இன்னும் எத்தனை மாதமோ!

அலுவலகத் தலைவர் பத்ர் சாரிடம் ஓடினேன். எங்கள் கடற்கரையில் புனிதருக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைக்கு அவருடைய அடிமை என்று பெயர் வைப்பார்கள், இவர் அதிதூதர் மிக்கேலின் அடிமை, மற்றபடி சுதந்திர மனிதர் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “அப்து மிக்காயீல் என்று சொல்லிவிட்டுப் போங்களேன்! என் அண்ணன் பெயரே அப்துல்லாதான், அல்லாவின் அடிமை!”

இரண்டு அறை

பேச்சுவார்த்தைக்கு இரண்டு பக்கத்தாரும் மஸ்கட் வந்தார்கள். ஒரே அறையில் உட்கார மாட்டார்களாம். இரண்டு அறை, நடுவில் நடை, நடையில் நான். காகிதத்தோடு போகும்போதெல்லாம் ஒரு அறையில் மெதுவாகக் கேட்பார்கள், “அங்கே என்ன டீ கொடுக்கிறீர்கள்?” அடுத்த அறையிலும் அதையே கேட்பார்கள். எதிரிக்கு ஏலக்காய் போட்டு, தங்களுக்குப் போடவில்லையோ என்ற கவலை. டீ போடும் தென்காசி ராஜன் என்னை ஓரமாக அழைத்தார். “ரெண்டு ரூமுக்கும் ஒரே கெட்டில்தான் மேடம். வெளிய சொல்லிராதீங்க, சமாதானம் கெட்டுப் போயிரும்.”

பத்து நிமிடப் பேச்சு

ஒரு வழியாக, மாதம் ஒருமுறை வீட்டாரோடு தொலைபேசியில் பேச அனுமதி கிடைத்தது. பத்து நிமிடம். அக்கரை அதிகாரி ஒருவர் லைனில் கேட்டுக்கொண்டிருப்பார். நான் உடனுக்குடன் அரபியில் சொல்ல வேண்டும். சாப்பாடு எப்படி என்று செலின் கேட்டார். “சோறு தாரானுவ. மீனுதான் வாயில வைக்க முடியல. புளியே கெடையாது” என்றார் மிக்கேல். அதையும் சொன்னேன். கடைசியில் அவர், “செரி செலினு, போயிட்டு வாறேன்” என்றார். நானும் அப்படியே, ‘போய்விட்டுத் திரும்பி வருகிறேன்’ என்று அரபியில் சொல்லித் தொலைத்தேன். எங்கே போகிறான், யார் உதவி என்று அதிகாரி பிடித்துக்கொண்டார். தப்பிக்கத் திட்டம் என்று, அப்போது தயாராகிக்கொண்டிருந்த விடுதலைப் பட்டியலிலிருந்து மிக்கேல் பெயரை அடித்துவிட்டார்கள். செலினிடம் அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் மொழியில் விடைபெறுவதே அப்படித்தான் என்று நாலு பக்கம் விளக்கம் எழுதினேன். சரி, இனி வெறுமனே ‘போகிறேன்’ என்று சொல்லட்டும், பெயரைச் சேர்க்கிறோம் என்றார்கள் அக்கரையில். எனக்கு நிம்மதி; செலின்தான் சீறிவிட்டார். “அத மட்டும் அவரு வாயால சொல்லக் கூடாது மேடம். அதுக்கு அவரு பேசாமலே இருக்கட்டும்.”

அடுத்த மாதம் பேச்சைத் தொடங்கும்போதே, அதிகாரி சொன்னதையும் செலின் சொன்னதையும் மிக்கேலிடம் சொல்லிவிட்டேன். பத்து நிமிடம் முடிந்தது. மிக்கேல் சற்று யோசித்துவிட்டு, “ஆண்டவருக்குத் தோத்திரம்” என்றார். “அல்ஹம்துலில்லா” என்றேன். அக்கரை அதிகாரியும் தன்னை மறந்து அதையே திருப்பிச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: “அந்த மீனுக்குப் புளி எவ்வளவு போட வேண்டும்?”

பெற்றுக்கொண்டேன்

எட்டாவது மாதம் ஆறு பெயரும் பட்டியலில் வந்தன. காலை பதினோரு மணிக்கு சோஹார் துறைமுகத்தில் ஒப்படைப்பு. ஒவ்வொருவருக்கும் ஒரு ரசீது. ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று குடும்பத்தார் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற ஐந்தும் நொடியில் முடிந்தன. செலின் மட்டும் பேனாவைத் தொடவில்லை. வார்டில் நோயாளியைக் கையேற்றுக்கொள்வதுபோல, மிக்கேலை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பாதத்தை அழுத்திப் பார்த்தார். இரண்டு நாட்டு அதிகாரிகளும் வெயிலில் நின்றார்கள். மிக்கேல் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் உடன்பட்டார்.

கடைசியாக மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். நாடி பார்க்க ஒரு நிமிடம் போதும். ஐந்து நிமிடமாகியும் கையை விடவில்லை; வாட்ச்சையும் பார்க்கவில்லை. பத்ர் சார் பொறுமையிழந்து, “கலாஸ்?”, முடிந்ததா என்று கேட்டார். செலின் நிமிராமலே சொன்னார்: “கலாஸ் மாஃபி சார். இன்னும் எண்ணி முடியல.”

எட்டு மாதமாக இரண்டு அரசாங்கங்களை விரட்டிக்கொண்டிருந்த நான் அன்றைக்கு ஒருவரையும் அவசரப்படுத்தவில்லை. ரசீதில் ‘தாமதத்துக்குக் காரணம்’ என்ற கட்டத்தில் ‘பேனா எழுதவில்லை’ என்று நல்ல அரபியில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.