கோபுரத்துப் பைரியும் மேவிஸ் ஹெப்வொர்த்தின் வாயும்

ஸ்கெல்பி துறைமுகத்தில் பன்னிரண்டு வருடம் மீன் அறுத்தவள் மேவிஸ் ஹெப்வொர்த். அதற்கப்புறம் இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தாள். இந்த முப்பத்தெட்டு வருடத்தில் அவளிடம் யாராவது ஒரு விஷயத்தைப் பற்றி, உனக்கென்ன தோன்றுகிறது என்று கேட்டிருப்பார்களா? கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று என்பார்கள், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற வருடம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது, புனித பொட்டால்ஃப் தேவாலயத்துப் படியில் ஒரு புறாத் தலையும் பிய்ந்த இறக்கையும் கிடப்பதைப் பார்த்தாள். மறுநாள் இன்னொன்று. பூனை வேலை என்றார் பாதிரியார். பூனை தலையை மிச்சம் வைத்து இறக்கையை மட்டும் இப்படிப் பிய்த்துப் போடுமா என்று மேவிஸ் அண்ணாந்து பார்த்தாள். கோபுரத்தின் மூன்றாவது விளிம்பில் முதுகு நீலச்சாம்பலும் மார்பில் வரிவரியுமாக ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. நூலகத்துப் புத்தகத்தில் தேடிப் பிடித்தாள். பைரி, பறக்கிற பறவைகளைப் பாய்ந்து அடித்துத் தின்னும் வேட்டைப் பறவை. ஊரில் அதை முதலில் பார்த்த ஆள் அவள்தான். இதைப் பின்னால் ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதால் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

இரண்டு வருடம் தனியாகவே பார்த்தாள். ஆணுக்கு வீட்டுக்காரன், பெண்ணுக்கு வீட்டுக்காரி என்று பேர் வைத்தாள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, எந்தப் பக்கம் போகிறது, என்ன கொண்டுவருகிறது என்று நோட்டில் எழுதினாள். மூன்றாம் வருடம் நைஜல் ஃபேர்பிரதர் வந்து சேர்ந்தார். பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கூட்டம் கண்டால் பேசாமல் இருக்கமாட்டார். சங்கம் வைத்தார், கோபுரத்தில் பைரி முட்டையிடச் சரளைக்கல் பரப்பிய தட்டும், ஊரார் வீட்டிலிருந்தே பார்க்கக் கேமராவும் வைத்தார், எல்லோருக்கும் பச்சை ஜாக்கெட் கொடுத்தார். பத்திரிகையில் ‘பைரிகளைக் கண்டுபிடித்தவர்’ என்று அவர் படம் வந்தது. மேவிஸின் நோட்டுகளை இரவல் வாங்கிப்போய் நகர மண்டபத்தில் ஒரு மணி நேரம் பேசினார். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள்.

சங்கத்தில் அவளுக்குக் கிடைத்த வேலை வாளி. பைரிகள் தின்றுவிட்டுக் கீழே தள்ளும் எலும்பையும் இறக்கையையும் பொறுக்கி, இன்னது இன்ன பறவை என்று பிரித்து வைக்கவேண்டும்.

“உங்களுக்குத்தான் இந்த நாத்தமெல்லாம் பழக்கமாச்சே மேவிஸ்” என்றார் நைஜல், ஏதோ பட்டம் கொடுக்கிற மாதிரி.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. பந்தயப் புறாவின் கால் வளையமோ இறக்கையோ கிடைத்தால் மூச்சுவிடக்கூடாது, எறிந்துவிட வேண்டும். பந்தயப் புறா வளர்க்கிறவர்களுக்கும் பைரிக்கும் ஆகாது; பைரியைக் கொன்றால் ஜெயில் என்றாலும் சிலர் துணிவார்கள். அந்தப் புறாக்களின் இறக்கையில் சொந்தக்காரரின் தொலைபேசி எண்ணை முத்திரையாகக் குத்தியிருப்பார்கள். வழிதவறினால் யாராவது கூப்பிட்டுச் சொல்லட்டும் என்றுதான்.

ஆறாம் வருடம் ஏப்ரல் கடைசியில், ஒரு வியாழக்கிழமை, அப்படி ஓர் இறக்கை கிடைத்தது. எண் பளிச்சென்று இருந்தது. மேவிஸ் அதை வாளியில் போடவில்லை. ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டாள்.

ஏன் என்று கேட்டால், லென்னைப் பற்றிச் சொல்லவேண்டும். கல்யாணமாகி எட்டாவது மாதம் அவள் புருஷன் லென் மீன்பிடிக் கப்பலில் வடக்கே போனான். ஜனவரி மாதம். கப்பலிலிருந்து பேச்சு நின்றுபோயிற்று. ரேடியோ பழுதாயிருக்கும் என்றார்கள் கம்பெனி ஆபீசில். பதினொரு நாள் அவள் துறைமுகச் சுவரில் போய் நின்றாள். அதில் ஒன்பது நாள், கப்பல் முழுகிவிட்டது என்று ஆபீசுக்குத் தெரிந்தே இருந்தது. லென் செத்ததைக்கூட அவள் ஒரு மாதிரி செரித்துக்கொண்டாள். அந்த ஒன்பது நாளை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை. புறாக்காரன் ஒருத்தன் கூண்டு வாசலில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான் என்று நினைத்தபோது அவளுக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வந்தது.

கூப்பிட்டாள். க்ளிஃப் பிக்கர்ஸ்கில் என்று ஒரு கிழவர் எடுத்தார். துறைமுகத்துக்கு அந்தப்புறம், காய்கறித் தோட்டத்தில் கொட்டகை போட்டுப் புறா வளர்க்கிறவர்.

“உங்க புறா வராதுங்க. பைரி அடிச்சிடுச்சு. வாசலைப் பாத்துக்கிட்டு நிக்காதீங்கன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

“பிரான்ஸ்லருந்து பறந்து வந்தது தாயி. கடலைத் தாண்டிட்டு, வீட்டுக்கு ரெண்டு மைல்ல போயிருச்சா?” என்றார். பிறகு, “நீ சொன்னியே, அது பெரிசு. வேற எவனும் சொல்லமாட்டான்” என்றார்.

அதோடு வைத்திருக்கலாம். வைக்கவில்லையே! அவர் கேட்டார், அவள் சொன்னாள். எத்தனை வருஷமா இருக்கு? ரெண்டுல எது வேட்டைக்குப் போகும்? பொண்ணு முட்டைமேல ஒக்காந்திருந்தா இவன்தான் போவானா? ஆறு வருடம் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துச் சேர்த்ததை முதல் தடவையாக ஒருத்தர் உட்கார்ந்து கேட்கிறார். நாற்பது நிமிடம் பேசினாள். மறுவாரம் அவரே கூப்பிட்டார். அன்றைக்கு அவள் டீயைக்கூட ஆறவிட்டுப் பேசினாள்.

“வீட்டுக்காரன் கடிகாரம் மாதிரிங்க. ஆறு அம்பதுக்குக் கிளம்புவான். ஒரு சுத்து சுத்திட்டுக் கிழக்க, பழைய ஐஸ் ஆலை மேல போவான். ஏழே காலுக்கு உங்க தோட்டத்துப் பக்கம்தான் இருப்பான். தாழத்தான் பறப்பான்.”

“தாழவா?” என்றார் அவர்.

“கூரை உயரந்தான்” என்றாள் மேவிஸ், பெருமையாக.

மே முதல் வாரம் மூன்று குஞ்சு பொரிந்தது. இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை ஆறு ஐம்பதுக்குக் கிளம்பிய வீட்டுக்காரன் திரும்பி வரவில்லை. புதனும் வரவில்லை. வீட்டுக்காரி விளிம்பில் நின்று கத்திக்கொண்டே இருந்தாள். குஞ்சுகளை விட்டுப் போனால் குளிரில் விறைக்கும், போகாவிட்டால் பட்டினி. போவதும் வருவதுமாக அவள் படுகிற பாட்டைக் கேமராவில் ஊரே பார்த்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேவிஸ் வீட்டில் தொலைபேசி அடித்தது.

“க்ளிஃப் பேசறேன்.”

“ஐயோ க்ளிஃப், வீட்டுக்காரனைக் காணோங்க! நாலு நாளாச்சு!”

“தெரியும் தாயி. அதுக்குத்தான் கூப்பிட்டேன்.” நிதானமாகப் பேசினார். “நீ அன்னிக்கு எங்கிட்ட மறைக்காம சொன்னே. நானும் மறைக்கக்கூடாதுல்ல? அது வராது. பாத்துக்கிட்டு நிக்காதே. நீ சொன்ன நேரத்துக்கு டாண்ணு வந்துச்சு. இப்ப ரூபார்ப் கீரைப் பாத்திக்கு அடியில கெடக்கு.”

“மூணு குஞ்சு இருக்குய்யா, பாவி!”

“எனக்கு இந்த வருஷம் எட்டுப் போச்சு. அதையெல்லாம் எவன் கேமரா வச்சுப் பாத்தான்?” என்றார். பிறகு குரலை இறக்கி, “போலீஸ்கிட்ட வேணும்னா சொல்லிக்கோ. நான் சொல்லலேன்னுதான் சொல்லுவேன். உனக்குத் தெரியணும்னு தோணிச்சு, சொல்லிட்டேன்” என்றார்.

“சொன்னதுக்கு நன்றிங்க” என்றாள் மேவிஸ். வாய் தானாகச் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவளுக்கு.

ஜாக்கெட்டைக்கூடப் போடாமல் தேவாலயத்துக்கு ஓடினாள். பின்னறையில் நைஜல் கேமராத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைப் பைரித் திருவிழாவுக்குப் பலகை எழுதிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டினாள். இறக்கை, எண், ஐஸ் ஆலை, ஏழேகால், ரூபார்ப் பாத்தி. ஒன்றையும் விடவில்லை.

நைஜல் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“வேற யார்கிட்ட சொன்னீங்க?”

“உங்ககிட்டதான் மொதல்ல. போலீஸுக்குப் போகணும்.”

“தாராளமாப் போகலாம். மொதக் கேள்வியே, அந்த ஆளுக்கு நேரமும் வழியும் யார் சொன்னதுன்னுதான் வரும். என்ன சொல்லப்போறீங்க?”

மேவிஸ் திரையில் கத்திக்கொண்டிருந்த வீட்டுக்காரியைப் பார்த்தாள்.

“பேப்பர்ல உங்க பேர் வரும். சங்கத்துப் பேரும் வரும். நாளன்னிக்கு பிஷப் வர்றார், மேயர் வர்றாங்க. செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா யார் வருவா? திங்கக்கிழமை பாத்துக்கலாம். அதுவரைக்கும் ஆண் பறவையைக் காணோம், அவ்வளவுதான். உங்க விஷயமும் இந்த ரூமைத் தாண்டாது.” அவள் தோளைத் தட்டினார். “நான் உங்களை விட்டுக்கொடுக்கமாட்டேன் மேவிஸ்.”

நாலு வருடத்தில் அந்த மனிதர் அவளிடம் இவ்வளவு கனிவாகப் பேசியதே இல்லை. அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்குப் போகிற வழியில் இரண்டு தடவை போலீஸ் நிலையத்தைத் தாண்டினாள். இரண்டு தடவையும் உள்ளே போகவில்லை.

சனிக்கிழமை சின்னக் குஞ்சு செத்தது.

ஞாயிறு நல்ல வெயில். கேக்கும் டீயும் விற்றார்கள், பிஷப் ஆசி வழங்கினார், நைஜல் ஒலிபெருக்கியில் பேசினார். மேவிஸைத் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார், தன் கண்ணெதிரிலேயே. வருகிறவர்கள் குனிந்து பார்ப்பதும் ஆகா என்பதுமாக இருந்தது.

மூன்று மணிவாக்கில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். படுத்த படுக்கையாயிருக்கும் அம்மாவோடு தினமும் கேமராவில் பார்க்கிறாளாம்.

“அம்மா சரியாவே சாப்பிடலீங்க, அந்த ஆணு காணாமப் போனதிலேர்ந்து. நேர்ல போய்க் கேட்டுட்டு வாடின்னு அனுப்பிச்சாங்க. நீங்கதான் மொதல்லேர்ந்து பாக்கறவங்களாமே. நீங்களே சொல்லுங்க, அது வருமா?”

ஆறு வருடம் கழித்து ஒருத்தி கேட்கிறாள், நீங்களே சொல்லுங்க என்று. மேவிஸ் நைஜலைப் பார்த்தாள். அவர் மேயரோடு பேசியபடியே இவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம், இரண்டு வார்த்தைதான். அப்புறம் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்த கேள்வியும் வரும். இந்தக் கூட்டம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பும்.

“வரலாங்க” என்றாள். “சில சமயம் அஞ்சாறு நாள் கழிச்சுக்கூட வரும்.”

அந்தப் பெண்ணின் முகம் அப்படியே மலர்ந்தது. “அப்ப இருந்து பாத்துட்டே போறேன்” என்று நாற்காலியைப் புல்லில் விரித்து உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்து மணிக்குக் கூட்டம் கலைந்தது. மேசைகளை மடித்தார்கள், கொடித் தோரணங்களை அவிழ்த்தார்கள். அந்தப் பெண் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு அண்ணாந்தபடியே இருந்தாள்.

“நேரமாச்சுங்க” என்றாள் மேவிஸ்.

“கடைசி பஸ்ஸு எட்டு மணிக்குத்தான். எந்தப் பக்கம் பாக்கணும்னு மட்டும் சொல்லுங்க. எங்கேயிருந்து வரும்?”

மேவிஸ் கையைத் தூக்கிக் கிழக்கே, ஐஸ் ஆலைப் பக்கம் காட்டினாள். அந்தப் பெண் நாற்காலியை அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.