கிரைண்டர் ஏறிய படகு

அன்று பின்னால் வந்த படகு எங்களோடு போட்டி போடுகிறது என்றுதான் நான் நம்பினேன். சத்தியமாக நம்பினேன். மழை கொட்டுகிறது, அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்து வீடு வீடாக எட்டிப் பார்க்கிறது, இந்த நேரத்தில் எவனாவது படகுப் போட்டி நடத்துவானா என்று கேட்கக்கூடிய மூளையை நான் மாடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். மாடியில் வேறு எதை விட்டுவிட்டு வந்தேன் என்பதுதான் இப்போது பிரச்சினை.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் நலச்சங்கச் செயலாளர் ஹேமலதா மேடம் வீட்டுக்கு வந்தார். ஆற்றங்கரையில் புதிதாக நடைபாதை போட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு கல்வெட்டு வைக்கப் போகிறார்களாம்.

"சார், நம்ம ஏரியா படகுப் போட்டியோட ஹிஸ்டரிய நீங்கதான் எழுதித் தரணும். ஃபர்ஸ்ட் ரேஸ்ல ஜெயிச்ச போட்ல இருந்தவர் நீங்கதானே? கல்லுல உங்க பேரும் வரும்."

சமையலறையில் என் மனைவி சுமதி மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தம் சட்டென்று நின்றது. எங்கள் வீட்டில் கிரைண்டர் பாதியில் நின்றால் ஒன்று கரண்ட் போயிருக்க வேண்டும், இல்லை அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஹாலில் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

ஹேமலதா போனதும் மாவுக் கையோடு வந்து நின்றாள். "எழுதுங்க. தாராளமா எழுதுங்க. ஆனா நடந்தத எழுதுங்க. இல்லன்னா நான் எழுதிக் குடுத்துடுவேன்."

இத்தனை வருஷமாகக் கட்டிக் காப்பாற்றிய மானம், நண்பரே, ஒரு ஈடு உளுந்து அரைபடும் நேரத்தில் நடுத்தெருவுக்கு வரப் பார்க்கிறது.

ஊறிய உளுந்து வாசனைக்கு மற்றவர்களுக்கு இட்லி ஞாபகம் வரும். எனக்குத் தண்ணீர் ஞாபகம் வரும். தண்ணீர் விஷயத்தில் நான் பிறவிக் கோழை. சின்ன வயதில் குளிக்கும்போது தலையில் சொம்புத் தண்ணீர் விழுந்தால் மூச்சு முட்டிக் கத்துவேனாம். மழைநாளில் தாம்பரம் சுரங்கப்பாதையில் பஸ் இறங்கினால் இப்போதும் காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொள்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் ஏதோ யோகா என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்பேர்ப்பட்டவன் கல்யாணமான எட்டாவது மாதத்தில் முடிச்சூர் பக்கம், ஆற்றை ஒட்டி வாடகைக்கு வீடு பிடித்தேன். வாடகை ஏன் இவ்வளவு கம்மி என்று கேட்கத் தோன்றவில்லை. நாங்கள் மாடியில், கீழே வீட்டுக்காரர் ஏகாம்பரம் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மனைவி போன பிறகு தனியாக இருந்தார். அந்த வருஷ மழையில் ஒரு விடியற்காலை அவர் கட்டில் மிதக்க, சாமி படங்களோடு எங்கள் மாடிக்கு ஏறி வந்துவிட்டார். விடிந்தபோது கீழ்வீட்டு ஜன்னலைக் காணோம்.

காலை பத்து மணி இருக்கும், கோவளத்திலிருந்து மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் தெருவில் இறக்கினார்கள். மோட்டார் போட்டால் கேட்டிலும் கம்பியிலும் மாட்டும் என்று துடுப்பு போட்டுத்தான் வந்தார்கள். முதல் படகு கன்னியப்பனுடையது. இரண்டாவது அவருடைய மச்சான் தேசப்பனுடையது.

நான் தயாராக இருந்தேன். ஒரு பிளாஸ்டிக் பையில் சர்டிபிகேட் ஃபைல், ரேஷன் கார்டு, மூக்குக்கண்ணாடி, டி.வி. ரிமோட். ரிமோட் எதற்கு என்று கேட்காதீர்கள். டி.வி. வீட்டில்தான் இருந்தது.

"நீங்க ஏறுங்க, நான் கேஸ மூடிட்டு வந்துடறேன்" என்று உள்ளேயிருந்து சுமதி சொன்னாள். அந்த வாக்கியம் முடியும்போது நான் படகில் இருந்தேன்.

ஏறியவர்கள் எல்லோரும் தலைமேல் நீல பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக்கொண்டார்கள். கருவாடும் டீசலும் கலந்த ஒரு வாசனை. படகு ஒரு ஆட்டம் ஆடியது. கண்ணை இறுக மூடினேன். பக்கத்தில் யாரோ உட்காரும் அசைவு தெரிந்தது. கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன்.

"அல்லாரும் ஏறியாச்சா சார்?" என்றார் கன்னியப்பன்.

"ஏறியாச்சு, எடுங்கண்ணா!" என்றேன் நான்.

கை சில்லிட்டுப் போய், சொரசொரவென்று இருந்தது. பாவம், பயத்தில் இப்படி ஆகிவிட்டாள் என்று எனக்கு இரக்கமாக இருந்தது. "பயப்படாத, நான் இருக்கேன்ல" என்றேன். கை ஒன்றும் சொல்லவில்லை. குன்றத்தூர் முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். தண்ணீர் தெறித்ததும் மொட்டையோடு காவடியையும் சேர்த்தேன்.

பாதி வழியில் பின்னாலிருந்து கூச்சல். ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். கண்ணாடி பையில், மழை வேறு. மங்கலாக ஒரு படகு, அதில் யாரோ எழுந்து நின்று கையை ஆட்டி ஆட்டிக் கத்துகிறார்கள். எனக்கு எங்கிருந்தோ வீரம் வந்தது. பயந்தவனுக்கு வரும் வீரம் மாதிரி ஆபத்தானது உலகத்தில் இல்லை.

"அண்ணா, உங்கள முந்தப் பாக்கறாங்க! விடாதீங்க!"

கன்னியப்பன் திரும்பிப் பார்த்தார். "யாரு, தேசப்பனா? என்னியா? பொறந்ததுலேந்து ஒரு தபா முந்துனது இல்ல சார் அவன்!" அதற்கப்புறம் துடுப்பு தண்ணீரில் பட்டதா என்றே தெரியவில்லை, படகு பறந்தது. பாலத்தின் மேல் நின்ற ஜனம் இரண்டு படகும் சீறி வருவதைப் பார்த்து விசிலடித்தது. நாங்கள் ஜெயித்தோம்.

போட்டியின் வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது. அடுத்த வருஷம், ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடிய மார்கழியில், காலனிக்காரர்கள் மீனவர்களைப் படகுகளோடு அழைத்து வடை பாயசத்தோடு விருந்து வைத்தார்கள். இலையில் பாயசத்தை ஊற்றும்போது தேசப்பனுக்குப் பழைய நெருப்பு கிளம்பிவிட்டது.

"அன்னிக்கு என் படகுல கிரைண்டர் இருந்துச்சி சார். கல்லு கிரைண்டர்! ரெண்டு ஆள் தூக்கணும். இவன் படகுல இன்னா இருந்துச்சி? ஒரு ரிமோட்டு!"

"அப்ப இன்னிக்குப் பாத்துக்கலாமா மச்சான்?"

"கிரைண்டர் உன் படகுல ஏறுனா பாத்துக்கலாம்."

அப்படிப் பிறந்ததுதான் அந்த விதி: போன வருஷம் ஜெயித்த படகில் இந்த வருஷம் கிரைண்டர் ஏற வேண்டும். விளைவு என்னவென்று உங்களுக்கே புரியும். ஒரு வருஷம் கன்னியப்பன், மறு வருஷம் தேசப்பன், மறுபடி கன்னியப்பன். முடிவு முன்கூட்டியே தெரிந்த போட்டிக்கு அத்தனை கூட்டம் வந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கிரைண்டர் ஒரு வருஷம்கூட ஜெயிக்கவில்லை.

"மச்சான், நீ மாவு ஆட்டிக்கினே பொறுமையா வா! நாங்க முன்னால போயி தோசைக்கல்ல காய வெக்கிறோம்!"

"அடுத்த வருசம் நீ ஆட்டுவடா! சட்னி நான் கொண்டாறேன்!"

நான் முதல் போட்டியின் ராசிக்காரன் என்று சொல்லி வருஷா வருஷம் கன்னியப்பன் படகில் ஏற்றிவிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு பக்கப்பலகையைப் பிடித்திருப்பேன். ஏகாம்பரம் சார்தான் நடுவர். பள்ளிக்கூட மணி ஒன்று வைத்திருந்தார். மணியடிக்குமுன் என் அருகில் வந்து, என் கையைப் பிடித்து, "பயப்படாத, நான் இருக்கேன்ல" என்பார். பெரியவர் ஆசீர்வாதம் செய்கிறார் என்று ஜனம் நெகிழும். சுமதி மட்டும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வாள். ஒருமுறை கன்னியப்பனிடம், உண்மையைச் சொல்லிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன். "ஜெயிச்சது ஜெயிச்சதுதான் சார். காரணம் இன்னாத்துக்கு?" என்றுவிட்டார்.

வரலாறு சும்மா இருக்குமா? சங்கத்தின் ஆண்டு மலரில் அது வளர்ந்தது. முதலில் "சென்ற வெள்ளத்தில் தொடங்கிய" என்று போட்டார்கள். பிறகு "பல்லாண்டுகளாக" என்றானது. அஸ்தினாபுரத்திலிருந்து வந்த ஒரு கவிஞர் மேடையில் பல்லவர்களையே படகில் ஏற்றிவிட்டார். அவர்களிடம் கிரைண்டர் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு ஆற்றை ஆழப்படுத்திக் கரையை உயர்த்திச் சுவர் எழுப்பினார்கள். வீடுகளுக்கு நல்லதுதான், நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். ஆனால் படகு இறக்க இடமில்லை. கன்னியப்பனுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. அவர் படகு கோவளம் மணலில் கவிழ்ந்து கிடக்கிறது. நாய்கள் நிழலுக்குப் படுக்கின்றன. ஏகாம்பரம் சார் ஊரப்பாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போனார், அங்கேயே காலமானார். கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கல் கிரைண்டரும் இல்லை; குழவி மட்டும் எங்கள் மொட்டைமாடிக் கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக்கொடுத்து நிற்கிறது. ஆமாம், எங்கள் கிரைண்டர்தான். சுமதியின் அம்மா வீட்டுச் சீர்.

மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். மூன்றாவதில் எனக்கே பல்லவர்கள் வந்துவிட்டார்கள். நான்காவது தாளைத்தான் ஹேமலதா மேடத்திடம் கொடுத்தேன். கல்லில் வெட்டுவார்களோ மாட்டார்களோ, உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அன்று போட்டி எதுவும் நடக்கவில்லை. நான் என் மனைவியை வீட்டில் விட்டுவிட்டுப் படகேறிவிட்டேன். வழியெல்லாம் நான் தைரியம் சொல்லிக்கொண்டு வந்த கை ஏகாம்பரம் சாருடையது. சுமதியையும், அவள் விட்டு வரமாட்டேன் என்ற கிரைண்டரையும் ஏற்றிக்கொண்டு, எங்களை நிற்கச் சொல்லிக் கத்தியபடி தேசப்பன் வந்தார். நான்தான் கன்னியப்பனை நிற்க விடவில்லை. பாலத்தின் மேல் ஜனம் கைதட்ட, பாலத்தடியில் சுமதி இறங்கி வந்தாள். என்னைப் பார்த்தாள். ஏகாம்பரம் சார் கைக்குள் இருந்த என் கையைப் பார்த்தாள்.

"கேஸ மூடிட்டேன்" என்றாள்.