வசவை ஓடவிடும் முறை

கொல்லிமலைக்கு நான் மாற்றலில் வந்தவன். இங்குள்ள குரங்குகளில் பாதியும் அப்படி வந்தவைதான் என்று ஊரில் சொல்கிறார்கள். கீழே ஏதாவது ஊரில் அட்டகாசம் செய்து பிடிபட்டால், கூண்டில் ஏற்றிக் கொண்டுவந்து கொண்டை ஊசி வளைவுகள் முடிகிற இடத்தில் திறந்துவிட்டுப் போய்விடுவார்களாம். அரசு ஊழியர்களையும் ஏறக்குறைய இதே நடைமுறையில்தான் மலைக்கு அனுப்புவது வழக்கம். ஒரு வேறுபாடு, குரங்குகள் திரும்பிப் போவதற்கு விண்ணப்பம் எழுதுவதில்லை. நான் எழுதினேன். அது பரிசீலனையில் இருந்தபோதே ஓய்வு வயது வந்துவிட்டது. அதற்குள், இங்கே பள்ளி ஆசிரியையாக இருந்த என் மனைவிக்கு மலைக் குளிர் பிடித்துப்போயிருந்தது. தேவனூர் நாடு என்று இங்கே சொல்லப்படும் ஊர்த்தொகுதியில் ஒரு மேட்டில் வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டோம்.

எங்கள் வீட்டுக்குக் கீழே சரிவில் ஒரு வாழைத் தோட்டம். அதன் சொந்தக்காரர் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்களிடம் பேசும்போது வாய்க்குள்ளேயே பேசுவார். குரங்கைக் கண்டால் மட்டும் அவருடைய தொண்டை வேறாகிவிடும். முதலில் ஒரு அதட்டல், அதைத் தொடர்ந்து குரங்கின் பரம்பரையைப் பற்றிச் சில விவரங்கள், கூடவே கவணிலிருந்து ஒரு கல். கல்லும் குரலும் சேர்ந்தே வந்து பழகியதால் நாளடைவில் கல் தேவையில்லாமல் போயிற்று. குரல் கேட்ட மாத்திரத்தில் கூட்டம் காட்டுப்பக்கம் ஓடிவிடும். அவருடைய மனைவி கத்தினால் ஒன்றும் நகராது. நான் கைதட்டினால் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான்.

இந்த முறை குலைகள் திரண்டுகொண்டிருந்த நேரம் பார்த்து, அவர் குடகுக்குக் காப்பி பறிக்கப் போக வேண்டியதாயிற்று. அவர் திரும்பி வந்து குலை வெட்டும்வரை தோட்டத்தைக் காப்பாற்றுவது மனைவியின் பாடு. அந்த வீட்டின் அடுத்த வருடம் முழுவதும் அந்த வாழையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எனவே அவர் போவதற்கு முன் கீழே போய் ஒரு சிறிய பாட்டு பிளேயர் வாங்கி வந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. சின்னத் திரை, வட்டமாக நான்கு பொத்தான்கள், நடுவில் ஒன்று. பாட்டும் கேட்கலாம், குரலையும் பதியலாம். ஒரு காலை முழுவதும் தோட்டத்துப் பலா மரத்தடியில் நின்று, இல்லாத குரங்குகளைப் பார்த்துக் கத்திப் பதிந்தார். அது திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்து, ஒரு ஸ்பீக்கர் பெட்டியோடு இணைத்து மரத்தில் தொங்கவிட்டுப் போனார். அவர் குடகில் இருக்க, அவருடைய குரல் இங்கே வேலை பார்த்தது. நானறிந்த வரையில் ஆள் இல்லாமலே வேலை ஒழுங்காக நடந்த ஒரே இடம் அதுதான். ஆள் இருந்தும் நடக்காத இடங்களைத்தான் நான் அதுவரை பார்த்திருந்தேன்.

ஒரு நாள் காலை அவருடைய மனைவி பிளேயரை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு மேலே வந்தாள்.

“ஏனுங்க சார், இதுல எழுத்தெல்லாம் மாறிப்போச்சுங்க. சத்தமும் வர மாட்டேங்குது. சேறு பட்டிருக்குதுன்னு தொடச்சனுங்க, அப்ப எதையோ அமுத்திப்போட்டனாட்ட இருக்குது.”

வாங்கிப் பார்த்தேன். திரையில் சீன எழுத்துகள் மாதிரி, கட்டம் கட்டமாக ஏதோ நின்றது.

“டீச்சர் சொன்னாங்க, சாருக்குத் தெரியாத முறையே கெடையாதுன்னு.”

உள்ளேயிருந்து என் மனைவி திருத்தினாள். “முறை தெரியும்னுதான் கண்ணு சொன்னேன். பொத்தான் தெரியும்னு சொல்லல.”

பிளேயருக்குள் போனால் எனக்குத் தெரிந்த இடம்தான். மெனு என்பது ஓர் அலுவலகம். முதலில் பிரிவுகள், பிரிவுக்குள் உட்பிரிவுகள், எதைத் தொட்டாலும் அது வேறொன்றுக்கு அனுப்பும். கடைசியில் ‘பின்னால் போ’ என்று வாசலுக்கே கொண்டுவந்து விட்டுவிடும். ஒரே பொத்தானைச் சற்றே அழுத்தினால் ஒரு பதில், நெடுநேரம் அழுத்தினால் வேறு பதில். இதுவும் புதிதல்ல, எங்கள் அலுவலகத்திலும் கொஞ்ச நேரம் நின்றவருக்கு ஒரு பதில், மாலைவரை நின்றவருக்கு வேறு பதில். நாம் யோசித்துக்கொண்டிருந்தால் திரை அணைந்துவிடுகிறது. இருக்கையில் ஆள் இல்லை என்று அர்த்தம்.

ஆகவே அவசரப்படாமல், முதல் பிரிவிலிருந்து ஆய்வைத் தொடங்கினேன். இசைக்குறி போட்ட இடம் பாட்டு. ஒலிவாங்கிப் படம் போட்டது குரல் பதிவு. கோபுரப் படம் போட்டது வானொலி. அதில் மலையே இரைகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. பற்சக்கரம் போட்ட இடம்தான் செட்டிங்ஸ் என்பதைக் கண்டுகொண்டு உள்ளே போனேன். அங்கே ஒரு நீண்ட வரிசை. ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டே இறங்கினேன். கடைசிக்கு முந்தைய இடத்தில் பிளேயர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. கேள்வி புரியவில்லை. கீழே இரண்டு பதில்கள் இருந்தன. இரண்டாவதன் மேல் பட்டை நின்றது.

படிவங்களோடு ஆயுளைக் கழித்தவனுக்குத் தெரியும். இரண்டு கட்டங்கள் இருந்தால் முதல் கட்டமே அரசு எதிர்பார்க்கும் பதில். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தவர்கள் விளக்கம் எழுத வேண்டியிருக்கும். பட்டையை முதலாவதற்கு நகர்த்தி நடுப் பொத்தானை அழுத்தினேன். ஒரு கோடு இடமிருந்து வலமாக மெதுவாக வளர்ந்தது. திரை ஒருமுறை அணைந்து எரிந்தது. பார்த்தால் எழுத்தெல்லாம் சுத்தமான ஆங்கிலம்.

“வந்துருச்சு பாரம்மா,” என்றேன்.

“சத்தமுங்க?”

பாட்டுப் பகுதியைத் திறந்தேன், காலி. குரல் பதிவைத் திறந்தேன், அதுவும் காலி. தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி, ஒரு குற்றமும் அறியாததாக இருந்தது. இப்போது ஆங்கிலத்தில் இருந்ததால் கடைசிக்கு முந்தைய இடத்துக்குப் போய்ப் படித்தேன். எல்லாவற்றையும் அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுபோகலாமா என்பதுதான் கேள்வி. முதல் பதில், ஆம்.

அவள் தோட்டத்துப் பக்கம் பார்த்தாள். வேலியோரத்து மரங்கள் ஏற்கெனவே அசைந்துகொண்டிருந்தன.

பரிகாரமாக என் குரலைப் பதிந்தேன். பணியில் இருந்த காலத்தில் குரலை உயர்த்தாமலே ஆட்களை வேர்க்க வைத்தவன் நான். இது தனியார் நிலம், அத்துமீறல் கூடாது, உடனடியாக அப்புறப்படவும், தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று நிதானமாகச் சொன்னேன். திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்து மரத்தில் கட்டினோம். குரங்குகள் முன்பைவிட அருகில் வந்தன. ஒன்று ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே காயை உரித்தது.

மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி சொன்னாள்: “நோட்டீஸ் குடுத்தீங்க செரி. பதில் சொல்ல எத்தனை நாள் கெடுன்னு சொல்லலியே. அதான் உக்காந்துட்டுது.”

மாலைக்குள் கீழ்வரிசையில் பல குலைகள் நாசமாகியிருந்தன. தின்றதைவிடக் கடித்துப் போட்டது அதிகம். அவள் எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

“இப்படியே போச்சுன்னா அவரு வாரப்ப தண்டுதானுங்க நிக்கும்.”

அவரிடம் இருப்பது சாதாரணப் பொத்தான் போன். அங்கிருந்து குரலைப் பதிந்து அனுப்ப வழியில்லை. போனில் அவரைக் கத்த வைத்து, அதை இங்கே பிளேயரில் பதிவதுதான் மிச்சமிருந்த ஒரே மார்க்கம். பொழுது சாய்ந்து அவர் வேலை முடித்திருக்கும் நேரத்தில் என் போனிலிருந்து அவளைப் பேசச் சொல்லி, சத்தம் வெளியே கேட்கும்படி வைத்தேன். ஒலிவாங்கிப் படத்தைத் திறந்து, பதிவைத் தொடங்கிவிட்டு, பிளேயரைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன்.

“ஏனுங்க, மறுக்கா ஒருக்கா கத்துங்க. பதியோணும்.”

“முன்ன பதிஞ்சது என்னாச்சு?”

அவள் என்னைப் பார்த்தாள். “அது தானா அழிஞ்சு போச்சுங்க.”

“செரி, போனாப் போவுது. இங்க ஒரே ரூம்ல இத்தன பேரு கெடக்கறம், மேஸ்திரி வேற பக்கத்துல படுத்திருக்கான். சும்மா எப்படிக் கத்தறது?” கொஞ்சம் இருமிவிட்டு, “ஓய்… போ… அக்கட்டாலே போ,” என்றார். தொட்டிலை ஆட்டிக்கொண்டே சொல்வது போல இருந்தது.

“இதுக்கு எந்தக் குரங்கு ஓடும்? கோவமாப் பேசுங்க.”

“கோவம் வந்தாத்தான?”

வரவழைக்க அவள் முயன்றாள். “வெள்ளாட்டை வித்துப்போட்டேன்.”

“நல்லதாப் போச்சு. தீனிக்கு நீ அலைய வேண்டாம்.”

“உங்க அண்ணன் நம்ம எல்லைக்குள்ள வேலிய நவுத்திட்டாருங்க.”

“நவுத்திக்கட்டும் வுடு. அவனும் புள்ளகுட்டிக்காரன்.”

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு என் மனைவியிடம் முறையிட்டாள். “பாருங்க டீச்சர், குடகுக்குப் போனதும் சாமியாராயிட்டாரு. இங்க இருந்தப்ப சோத்துல உப்புக் கம்மின்னா மலையே அதுரும்.”

என் மனைவி என்னைச் சுட்டிக் காட்டினாள். போனைப் பிடித்திருந்தவள் தயங்கினாள். நான் தலையசைத்தேன். அனுமதி வழங்கப்பட்டது.

“ஏனுங்க… உங்க சத்தம் தானா அழியலீங்க. ஒருத்தரு அழிச்சுப்போட்டாருங்க.”

“ஆரு?”

“மேல்வூட்டு சாரு.”

குடகுப் பக்கம் அவர் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு வசவு வந்தது. பதிவில் உள்ளதில், எழுத்தில் வைக்கத்தக்க பகுதியை மட்டும் இங்கே தருகிறேன்.

“ஆருடா அவன்? எவன்டா எம்பொட்டில கைய வெச்சது? ஒரு நாள் பூரா தொண்டத்தண்ணி வத்தக் கத்தி வெச்சா, வந்து அழிப்பியா நீயி? மாசமானா பென்சன் வருதில்ல, தின்னுபோட்டு மூடிட்டுக் கெடக்கறதுக்கு என்னடா கேடு? எங்கண்ணுல பட்டுராத. ஒரே கல்லு, மண்டை ரெண்டாப் பொளந்துரும். ஓடுறா. ஓடிருடா நாயே.”

பின்னணியில் மேஸ்திரி விழித்துக்கொண்டு என்னவோ கேட்பதும் பதிவாகியிருக்கிறது. மூச்சு வாங்கி முடித்தபின் அவர் பழைய குரலில், “பக்கத்துல ஆராச்சும் இருக்கறாங்களா?” என்றார்.

“ஆருமில்லீங்க,” என்றாள்.

 நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். பதிவைச் சேமிக்கலாமா என்று பிளேயர் ஆங்கிலத்தில் கேட்டது. முழுவதும் படித்துவிட்டு, ஆம் என்றேன்.

மறுநாள் காலை மரத்தில் ஏற்றியதும் பலன் தெரிந்தது. ‘ஆருடா அவன்’ என்ற இடத்திலேயே பெரிய ஆண் குரங்கு கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடியது. ‘மண்டை’ வருவதற்குள் தோட்டம் காலி. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா என்று நான் விசாரிக்கவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சமிருந்தது. நான் பழைய நிலைக்குக் கொண்டுபோனதிலிருந்து, சார்ஜ் ஏற்றி எடுத்தால் பிளேயர் எதை ஓட்டிக்கொண்டிருந்தது என்பதை மறந்துவிடும். மறுபடி மெனுவுக்குள் போய், குரல் பதிவைத் திறந்து, ஒன்றையே திரும்ப ஓட்டு என்று சொல்ல வேண்டும். பொத்தான்களைத் தொட அவளுக்குப் பயம். எனவே தினமும் காலையில் “சார், போட்டு வுடுங்க” என்று வாசலில் நிற்பாள். நான் போய்ப் போட்டுவிட்டு வருவேன். அன்றைய வசவு அதிகாரபூர்வமாகத் தொடங்கும்.

அது சரிவு முழுவதும் கேட்கும். ‘மேல்வூட்டு சாரு’ என்பதற்குப் பிறகுதான் பதிவு சூடு பிடிக்கிறது என்பதால், திட்டு யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் ஒருவர் மிக மரியாதையாகக் கேட்டார்: “என்னங் சார், இன்னிக்கு உங்களுக்குத் திட்டு கொஞ்சம் லேட்டாட்ட இருக்குது? உடம்புக்கு முடியலீங்களா?” இன்னொருவர், பென்சன் பற்றிய பகுதி நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

பிளேயரை நான் அதற்குள் முழுமையாகக் கற்றிருந்தேன். பதிவின் முன்பகுதியை வெட்டி எறிகிற வசதி அதில் இல்லை. ஆனால் செட்டிங்ஸில் ஒலி வகை என்று ஒரு பகுதி உண்டு: நார்மல், ராக், பாப், கிளாசிக். ஒவ்வொன்றையும் வைத்துக் கேட்டேன். ராக்கில் சொற்கள் கல் மாதிரி விழுந்தன, எதிர்மேடு வரை தெளிவாகப் போயின. கிளாசிக்கில் வைத்தால் குரல் குழைந்து, யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பது பிடிபடவில்லை. ஒரு நாள் காலை யாரிடமும் சொல்லாமல் கிளாசிக்கில் வைத்துவிட்டு வந்தேன். டீக்கடையில் அன்று யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நிம்மதியாகச் செய்தித்தாள் படித்தேன்.

திரும்பி வரும்போது அவள் வரப்பில் குனிந்து கடிபட்ட காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நடு வரிசையில் நல்ல குலையாகப் பார்த்துக் குரங்குகள் பிய்த்திருந்தன.

“அவரு சத்தம் இன்னிக்குச் சளி புடிச்சாப்புல இருந்துதுங்க சார்,” என்றாள்.  காய்களைக் கூடையில் போட்டுக்கொண்டு மாட்டுத் தொட்டிப் பக்கம் நடந்தாள்.

பலா மரத்தடிக்குப் போனேன். மேலே கிளையில் ஒரு குரங்கு உட்கார்ந்து என்னைப் பார்த்தது, நகரவில்லை. பிளேயரை இறக்கி செட்டிங்ஸைத் திறந்தேன். ஒலி வகை, ராக். நடுப் பொத்தானை அழுத்தி, ஒலியளவைக் கோடு முடிகிற இடம் வரை கொண்டுபோனேன். பெட்டியைத் திரும்பக் கட்டிவிட்டு மேட்டில் ஏறத் தொடங்கினேன். முதுகுக்குப் பின்னால் என்னைப் பற்றிய விசாரணை தொடங்கியது, கிளைகள் முறியக் குரங்குகள் ஓடும் சத்தமும் கேட்டது.